அம்மா படித்த இறந்தகாலங்கள்

போன மாதம் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில், வேப்பந்தட்டை பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு கல்லூரிப் பெண் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, கண்ணை மூடி எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பரீட்சைக்குப் போகிற பிள்ளை, ஏதோ துஆ ஓதுகிறாள் என்று நினைத்தேன். காதைக் கொடுத்துக் கேட்டால் பிரெஞ்சு. "ழெ ஸ்வி அலே, ழெ ஸ்வி வெனு" என்று சொல்லிக்கொண்டு வந்தவள் அடுத்தது வராமல் நின்றுவிட்டாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். மறுபடி அதே இடத்தில் நின்றாள்.

"ழெ ஸ்வி நே" என்றேன் நான்.

கறுப்புப் புர்காவும், கையில் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருக்கும் கட்டைப்பையுமாக நின்ற என்னை அவள் ஏற இறங்கப் பார்த்தாள். உங்களுக்கு எப்படித் தெரியும் ஆன்ட்டி என்று கேட்பதற்குள் அவளுடைய பஸ் வந்துவிட்டது. அவளிடம் சொல்ல முடியாமல் போனதை உங்களிடம் சொல்கிறேன். முட்டி வலிக்கு எந்தத் தைலம் நல்லது, எந்த டாக்டர் ஊசி போடாமல் அனுப்புவார் என்று பேசிப் பேசி அலுத்துப்போன நம்ம வயசுக்காரர்களுக்கு இது ஒரு மாறுதலாக இருக்கட்டும்.

எங்கள் ஊர் லப்பைக்குடிக்காடு. நான் ஆறாம் வகுப்பு முடித்த வருஷத்திலேயே ஊரின் பாதி ஆண்கள் சபுரில் இருந்தார்கள். வெளிநாட்டுப் பிழைப்புக்குப் போவதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். என் அத்தா, அதாவது அப்பா, குவைத்தில். வீட்டில் அம்மா, நான், அத்தாவின் அக்கா என்று மூன்றே பேர். அத்தாவின் அக்காவை நான் மாமி என்று கூப்பிடுவேன். இருபது வயதுக்குள் புருஷனை இழந்து தம்பி வீட்டோடு வந்து சேர்ந்தவர். அரிசிப் பானைக்கு அளவும் அவர்தான், அடுக்களைக்குச் சட்டமும் அவர்தான்.

அம்மா சைகோனில் பிறந்தவர். அம்மாவுடைய அத்தா காரைக்கால்காரர். பிரெஞ்சுக்காரர்கள் அந்த நாட்டை ஆண்ட காலத்தில் அவர்களிடம் காவல் வேலையில் சேர்ந்து, குடும்பத்தோடு சைகோனில் இருந்தார். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் அம்மா பதினோரு வயது வரை படித்தார். பிறகு கப்பலேறி ஊர் திரும்பி, காரைக்காலில் வளர்ந்து, எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். தெருவில் அவருக்குப் பெயர் சைகோன்காரி. கூப்பிடுகிறவர்கள் அதில் ஒரு தவறும் இருப்பதாக நினைக்கவில்லை. அம்மாவும் திரும்பிப் பார்ப்பார்.

அந்த வருஷம் பாரிசிலிருந்து அம்மாவின் அண்ணன் ஒரு கடிதம் போட்டிருந்தார். நீலத் தாளில், வரி தப்பாத எழுத்து. நம்ம அத்தா பிரெஞ்சுப் பிரஜை, நீ பிறந்தபோது அந்த மண்ணும் பிரெஞ்சு மண். பாண்டிச்சேரியில் இருக்கிற பிரெஞ்சு ஆபீசில் மனு கொடுத்தால் உனக்கும் பேப்பர் கொடுப்பார்கள். உன் பிறப்பைப் பதிந்த புத்தகம் சண்டையில் எரிந்துபோய்விட்டதால், உன்னை நேரில் உட்கார வைத்து வாழ்க்கையைச் சொல்லச் சொல்லிக் கேட்பார்கள், பிரெஞ்சில் சொன்னால் மதிப்பு. இவ்வளவுதான் கடிதம். அம்மா அதை மூன்று தடவை படித்துவிட்டு மாமியிடம் கொடுத்தார். மாமிக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் வாங்கி, புரட்டிப் பார்த்து, திருப்பிக் கொடுத்தார். போகலாம் என்றார்.

ஆண் துணை இல்லாததால் மாமியே கூட வந்தார். மூன்று பேரும் விடிகாலையில் கிளம்பி, வெள்ளாற்று மணலில் நடந்து திட்டக்குடி போய், விருத்தாசலம் வழியாகப் பாண்டிச்சேரி. மாமி வழியெல்லாம் முறுக்கு டப்பாவைத் திறந்து மூடிக்கொண்டே வந்தார். ஆபீசில் உயரமான ஜன்னல், மேசை விசிறி, வழுக்கைத் தலை அதிகாரி ஒருவர். அவர் பக்கத்தில் ஒரு தமிழ் குமாஸ்தா. நானும் மாமியும் சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

தமிழில் சொல்லுங்கள், நான் மாற்றிச் சொல்கிறேன் என்று குமாஸ்தா சொன்னார். வேண்டாம், நானே பேசுகிறேன் என்றார் அம்மா. பேசினார். எங்கள் வீட்டில் 'உப்பு போதுமா' என்பதற்கு மேல் சத்தம் எழாத அம்மா, அந்த நாற்காலியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, மூக்காலும் தொண்டையாலும் என்னென்னவோ சொல்கிறார். மாமி என் தொடையைக் கிள்ளினார், பார்த்தாயா என்பதுபோல.

அப்புறம் அதிகாரி ஏதோ கேட்டார். அம்மா சிரித்த முகத்தோடு பதில் சொன்னார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மரியாதையாக இன்னொரு கேள்வி கேட்டார். அம்மா முகம் வெளுத்துப்போனது. குமாஸ்தாதான் மெதுவாகத் தமிழில் சொன்னார்.

"அம்மா, உங்க அத்தாவப் பத்திக் கேட்டதுக்கு, அவர் தினம் சாயங்காலம் ரொட்டி வாங்கிக்கிட்டு வருவார்னு சொன்னீங்க. நீங்க சொன்ன மாதிரி சொன்னா, இனிமே வரப்போறார்னு அர்த்தம். எப்ப வருவார், அவரையும் பார்த்துடலாமேன்னு சார் கேக்கறார்."

அம்மாவின் அத்தா மௌத்தாகி, அடக்கம் செய்து ஏழு வருஷம் ஆகியிருந்தது.

இதில் அம்மாவின் தப்பு என்ன, நீங்களே சொல்லுங்கள். நாம் அப்படித்தானே பேசுகிறோம்? 'அப்பல்லாம் எங்க அத்தா ரொட்டி வாங்கிட்டு வருவாங்க' என்கிறோம். நாளைக்கு வரப்போகிறவருக்கும் 'வருவாங்க', முப்பது வருஷத்துக்கு முன்னால் தினமும் வந்துகொண்டிருந்தவருக்கும் 'வருவாங்க'. கேட்கிறவர்களுக்கு அது எந்தக் காலம் என்று தானாகத் தெரிந்துவிடுகிறது. பிரெஞ்சில் அந்தத் தாராளம் இல்லையாம். வருங்காலத்துக்கு 'வியாந்த்ரா', வழக்கமாக வந்துகொண்டிருந்ததற்கு 'வெனே'. அம்மா தமிழில் நினைத்து, 'பாப்பா வியாந்த்ரா', அத்தா வரப்போகிறார், என்று சொல்லியிருக்கிறார். பதினோரு வயதில் விட்ட மொழி. வீடு, தட்டு, பூனை எல்லாம் நினைவிருந்தது. நடந்துபோனதைச் சொல்லும் வழி மட்டும் மறந்துபோயிருந்தது.

அதிகாரி கோபப்படவில்லை. தமிழில் சொல்லி முடித்துவிடலாம் என்றும் சொன்னார். அம்மா தலையாட்டி மறுத்தார். கோடை முடிந்து வேறொரு நாள் குறித்துக் கொடுத்தார்கள். வெளியே வரும்போது குமாஸ்தா பின்னாலேயே வந்து, தன் அக்கா மகளை அரியலூரில் ரயில்வேக்காரர் ஒருவருக்குக் கட்டிக் கொடுத்திருப்பதாகவும், காலேஜில் பிரெஞ்சு படித்த பெண் என்றும், அங்கே பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாமல் அழுதுகொண்டிருக்கிறாள் என்றும் சொல்லி, ஒரு துண்டுத் தாளில் விலாசம் எழுதிக் கொடுத்தார்.

அப்படித்தான் அந்தக் கோடை முழுக்க, வாரம் ஒரு நாள், அம்மாவும் நானும் பெரம்பலூர் போய் பஸ் மாறி அரியலூர் போனோம். முப்பத்து நாலு வயது அம்மாவுக்கு இருபது வயதில் ஒரு வாத்தியாரம்மா. நான் அவரை ஸ்டேஷன் அக்கா என்பேன். ஐந்து மாத வயிறு. ரயில்வே குவார்ட்டர்சில் இரண்டு அறை. சாமான் வண்டிகளில் சுண்ணாம்புக் கல்லும் சிமெண்ட்டும் ஏற்றுகிற இடம் பக்கத்தில்தான். வாசலில் இருந்த முருங்கை மரத்தின் இலையெல்லாம் மாவு தூவியதுபோல இருக்கும். அக்கா ஒரு நாளைக்கு மூன்று தடவை கூட்டுவார். கூட்டி முடிப்பதற்குள் இன்னொரு வண்டி வந்துவிடும்.

போன முதல் நாள் அம்மா தம்ரூட் செய்து எடுத்துப்போனார். ரவையும் முட்டையும் நெய்யும் போட்டுச் சுடுகிற எங்கள் வீட்டு இனிப்பு. அக்கா ஒரு துண்டு வாயில் போட்டுவிட்டு, ருசியில் கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு சம்பளப் பேச்சு எடுக்கவே விடவில்லை. தம்ரூட் போதும் என்றார்.

அக்காவின் பாடம் இப்படி ஆரம்பித்தது. சிமெண்ட் தரையில் சாக்பீசால் ஒரு வீடு போட்டார். வாசல், மாடிப்படி, ஜன்னல். பிரெஞ்சில் நடந்து முடிந்ததைச் சொல்ல இரண்டு கைத்தடி உண்டு என்றார். சாப்பிட்டேன், பார்த்தேன், வாங்கினேன் என்கிற பெரும் கூட்டத்துக்கு ஒரு தடி: 'ழே'. 'ழே மான்ழே' என்றால் சாப்பிட்டேன். ஆனால் இந்த வீட்டுக்குள் இருக்கிற கொஞ்சம் சொற்களுக்கு மட்டும் வேறு தடி: 'ழெ ஸ்வி'. வாசலில் வருகிறது, போகிறது. படியில் ஏறுகிறது, இறங்குகிறது. உள்ளே பிறக்கிறது, சாகிறது. எல்லாம் இந்த வீட்டுச் சொற்கள். பெண்பிள்ளை சொன்னால் கடைசியில் ஒரு எழுத்து கூட்டி எழுத வேண்டும்.

அந்த எழுத்துக்குச் சத்தம் உண்டா என்று அம்மா கேட்டார். பெரும்பாலும் கிடையாது என்றார் அக்கா.

"சத்தம் இல்லாததுக்கு எதுக்குங்க எழுதணும்?"

"காயிதத்துல பாக்கறவங்களுக்கு, இதச் சொல்றது ஒரு பொம்பளன்னு தெரிய வேணாமாக்கா? அதுக்குத்தான்."

அம்மா சாக்பீசை வாங்கி அந்த எழுத்தைத் தானே ஒரு தடவை தரையில் எழுதிப் பார்த்தார்.

இன்னொரு இறந்தகாலம்தான் கஷ்டம். ஒரு தடவை நடந்து முடிந்ததற்கு ஒன்று, நடந்துகொண்டே இருந்ததற்கு வேறொன்று. அக்கா கதவு சாத்தாமல் இருக்க ஒரு கல்லை அண்டக் கொடுத்திருப்பார். கல் என்றால் சாதாரணக் கல் இல்லை. வரி வரியாகச் சங்கு மாதிரி சுருண்டது. அரியலூரில் கிணறு வெட்டினால் அப்படி வரும். கடல் இருந்த இடமாம். அக்கா அதைக் காலால் தள்ளிக் காட்டி, "இல் யாவே லா மேர்" என்றார். இங்கே கடல் இருந்தது. எத்தனை காலம் இருந்தது, என்றைக்குப் போனது என்று சொல்லாமல், சும்மா இருந்துகொண்டிருந்தது என்பதற்கு இந்தக் காலம். பாண்டிச்சேரிக் கடலோரம் வளர்ந்த அக்காவுக்கு அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது கொஞ்சம் தொண்டை கம்மியது. எனக்கு அப்போது அது புரியவில்லை. அக்காவுக்குச் சளி என்று நினைத்தேன்.

சிக்கல் என்னவென்றால் இரண்டுக்கும் ஓசை கிட்டத்தட்ட ஒன்று. 'எல் ஷான்த்தே' என்றால் அவள் பாடுவாள், அதாவது அந்தக் காலத்தில். 'எல் அ ஷான்த்தே' என்றால் ஒரு தடவை பாடினாள். நடுவில் ஒரு சின்ன 'அ'. அதை விழுங்கிவிட்டால் ஒரு நாள் பாட்டு வாழ்நாள் பாட்டாகிவிடும்.

நான் எல்லாவற்றையும் என் கணக்கு நோட்டின் மிச்சப் பக்கங்களில் தமிழ் எழுத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டேன். என்னை யாரும் படிக்கச் சொல்லவில்லை. வீட்டில் அம்மாவைக் கேள்வி கேட்க ஒரு ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அம்மா முறத்தில் உளுந்து புடைப்பார். நான் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, "வந்தேன்" என்பேன். "ழெ ஸ்வி வெனு" என்பார். "குடிச்சேன்." "ழே பு." "பொறந்தேன்." "ழெ ஸ்வி நே." தப்பு வந்தால் முறத்தை ஒரு தட்டு தட்டிவிட்டு மறுபடி சொல்வார். அத்தாவுக்கு இதைப் பற்றி எழுதியதற்கு, வயதான காலத்தில் உனக்கு என்ன படிப்பு என்று பதில் வந்தது. அதைப் படித்து அம்மா சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. மாமிக்குப் பயமாக இருந்திருக்க வேண்டும்.

ஒரு மத்தியானம் அம்மா கிணற்றடியில் இருந்தபோது, பக்கத்து வீட்டுக்காரம்மாவிடம் மாமி சொன்னதை நான் கேட்டுவிட்டேன். பேப்பர் கைக்கு வந்த மறுநாளே சைகோன்காரி அண்ணன் வீட்டுக்குக் கப்பல் ஏறிவிடுவாள். பிள்ளையை என் தலையில் கட்டிவிட்டுத்தான் போவாள். என் தம்பி குவைத்திலிருந்து வந்து பூட்டின வீட்டைத்தான் பார்ப்பான். பக்கத்து வீட்டுக்காரம்மா உச்சுக் கொட்டினார். மாமி அழவில்லை. கறிவேப்பிலை உருவிக்கொண்டே, அது நடக்கத்தான் போகிறது என்கிற மாதிரி சொன்னார். அதுதான் என்னை உலுக்கியது.

அன்று சாயங்காலம் நான் நோட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனேன். என்னிடம் ஒரு ரப்பர் இருந்தது, குவைத்திலிருந்து அத்தா அனுப்பியது. ஆரஞ்சுப் பழ வாசனை அடிக்கும். அதைத் தேய்க்க மனம் வராமல் மோந்து மோந்து பார்த்தே வைத்திருந்தேன். அன்றைக்குத் தேய்த்தேன். 'ழெ ஸ்வி' என்பதில் 'ஸ்வி'யை அழித்தேன். மிச்சமிருந்த 'ழெ'யின் கொம்புக்கு மேலே ஒரு சுழி போட்டேன். 'ழே' ஆகிவிட்டது. போனேன், வந்தேன், ஏறினேன், பிறந்தேன் என்று அந்த வீட்டுச் சொற்கள் அத்தனைக்கும் கைத்தடியை மாற்றினேன். அம்மா தப்புத் தப்பாகச் சொன்னால் பேப்பர் கிடைக்காது. பேப்பர் கிடைக்காவிட்டால் கப்பல் இல்லை. பதினோரு வயதுக்கு இது சரியான கணக்குத்தான்.

அடுத்த ஒரு வாரம் அம்மா சரியாகச் சொன்னபோதெல்லாம் நான் தப்பு என்றேன். நோட்டைக் காட்டினேன். அம்மா நோட்டைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், உதட்டைக் கடித்துக்கொண்டு 'ழே வெனு' என்று சொல்லிப் பழகுவார். ஒரு தடவை, "எனக்குத்தான் மூளை மழுங்கிப்போச்சு போல" என்று தன்னையே திட்டிக்கொண்டார். நான் நோட்டை மூடாமல் அடுத்த சொல்லைக் கேட்டேன்.

அரியலூரில் அம்மா முதல் வாக்கியத்தைச் சொன்னதுமே ஸ்டேஷன் அக்கா நிறுத்தினார். நோட்டைக் கேட்டு வாங்கினார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ரப்பர் தேய்த்த இடமெல்லாம் தாள் மெலிந்து தெரிந்தது. அக்கா என்னைப் பார்த்தார், பிறகு நோட்டை அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அதை மூடிப் பையில் வைத்தார். அன்றைய பாடம் முடிந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்துவிட்டு அம்மா கேட்டார்.

"ஏன்டி மாத்துன?"

"பேப்பர் வந்தா நீ என்னைய விட்டுட்டுப் போயிருவ."

"யாரு சொன்னா?"

நான் சொல்லவில்லை. அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். வண்டி குலுங்கும்போதெல்லாம் என் தலை கம்பியில் இடிக்காமல் உள்ளங்கையை அண்டக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"போறதுக்கு இல்லடி அது. நான் பொறந்தேன்னு சொல்ல இந்த ஊர்ல ஒரு ஆளு இல்ல, ஒரு காயிதம் இல்ல. எங்கேருந்தோ வந்தவளாவே இருந்துட்டுப் போறதா? எங்கயாச்சும் ஒரு எடத்துல எழுதியிருக்கணும். அவ்வளவுதான்."

பிறகு, அடிப்பார் என்று நான் எதிர்பார்த்த இடத்தில், அம்மா நோட்டைப் பிரித்து என் மடியில் வைத்தார். எல்லாவற்றையும் நீயே சரியாகத் திருப்பி எழுது, எழுதிவிட்டு நூறு தடவை என்னைக் கேள் என்றார். கேட்டேன். அதனால்தான் ஐம்பது வருஷம் கழித்தும் பஸ் ஸ்டாண்டில் நின்றபடி பதில் சொல்ல முடிகிறது.

குறித்த நாளில் மூன்று பேரும் மறுபடி பாண்டிச்சேரி போனோம். மாமி இந்தத் தடவை முறுக்கு டப்பாவைத் திறக்கவில்லை. அதே ஜன்னல், அதே பெஞ்சு. அம்மா இரண்டு பக்கம் எழுதிக் கொண்டுவந்ததைக் கொடுத்தார். அதிகாரி படித்தார். இரண்டு இடத்தில் தலையசைத்தார். அந்தச் சத்தமில்லாத எழுத்து இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் இருந்திருக்க வேண்டும்.

அப்புறம் அவர் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எழுதாததைக் கேட்டார். உங்கள் அம்மா எப்படி இருந்தார்? சைகோனை விட்டு எப்படிக் கிளம்பினீர்கள்?

அம்மா தயார் செய்து வைத்திருந்த பதில் இல்லை இது. ஆனாலும் பேச ஆரம்பித்தார். முதல் வாக்கியத்திலேயே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. புரிந்தது. எல்லாச் சொல்லும் இல்லை. ஆனால் கடைசி ஓசைகள் புரிந்தன. எது ஒரு தடவை நடந்தது, எது நடந்துகொண்டே இருந்தது என்று புரிந்தது.

மாமி என் பக்கம் சாய்ந்து, "என்னடி சொல்றா?" என்றார். நான் அவர் காதில் சொன்னேன்.

அவங்க அம்மா பாடுவாங்களாம். துணி துவைக்கும்போது பாடுவாங்களாம். மழை வந்தா ஜன்னலைச் சாத்த மாட்டாங்களாம். அப்புறம் காய்ச்சல் வந்துச்சாம். மௌத்தாயிட்டாங்களாம். எல்லாரும் கெளம்பினாங்களாம். அத்தா, அண்ணன், இவங்க...

அந்த இடத்தில் அம்மா நிறுத்தினார். மேசை விசிறி ஒரு பக்கமிருந்து மறு பக்கம் திரும்பியது. அதிகாரி அவசரப்படுத்தவில்லை.

அம்மா சொன்னார். அவருக்கு ஒரு தங்கச்சி இருந்தது. நாலு வயசு. என் அம்மா கையைப் பிடித்துக்கொண்டுதான் கப்பல் படியில் ஏறியது. "எல் எ மோன்த்தே" என்றார். ஏறினாள். பிறகு, ஒவ்வொரு சொல்லாக, பாடம் ஒப்பிக்கிற பிள்ளையின் கவனத்தோடு, "எல் நே பா தெஸாந்து" என்றார்.

மாமி என் கையை அழுத்தினார்.

"என்னடி?"

"கூட ஒரு தங்கச்சி ஏறுச்சாம் மாமி. எறங்கலையாம்."

கொழும்பு வருவதற்கு இரண்டு நாள் முன்னால் கப்பலிலேயே காய்ச்சலில் போய்விட்டது. வெள்ளைத் துணியில் சுற்றிக் கடலில் விட்டார்கள். இதை அப்புறம் அம்மாவே தமிழில் சொல்லித் தெரிந்துகொண்டோம். அந்த அறையில் எனக்குப் புரிந்தது ஏறினதும் இறங்காததும்தான். மாமிக்கு அது போதுமானதாக இருந்தது. பதின்மூன்று வருஷம் ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டவள் மனதில் இப்படி ஒன்று கிடந்தது தெரியாமல் போய்விட்டதே என்று நினைத்தாரோ என்னவோ, துப்பட்டியால் வாயை மூடிக்கொண்டார். அதிகாரி எழுந்து நின்று அம்மாவுக்குக் கை கொடுத்தார். அம்மாவுக்கு அந்நிய ஆணுக்குக் கை கொடுத்துப் பழக்கமில்லை. நெஞ்சில் கை வைத்து ஸலாம் சொன்னார். அவரும் அப்படியே தன் நெஞ்சில் கை வைத்தார்.

பேப்பர் நாலைந்து மாதம் கழித்து வந்தது. அதில் அம்மாவின் பெயரும், பிறந்த தேதியும், சைகோன் என்ற ஊர்ப் பெயரும் இருந்தன. அம்மா எங்கேயும் கப்பல் ஏறவில்லை. வெகுகாலம் கழித்து, அத்தாவையும் கூட்டிக்கொண்டு விமானத்தில் போய் அண்ணன் வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தார். குளிரையும் பஸ் சரியான நேரத்துக்கு வருவதையும் பற்றி மட்டும் பேசினார். ஸ்டேஷன் அக்காவுக்கு அந்தக் கோடைக்குப் பிறகு பெண் குழந்தை பிறந்தது. அவர் வீட்டுக்காரருக்கு வேறு ஊருக்கு மாற்றலாகும் வரை தம்ரூட் போய்க்கொண்டிருந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது பாண்டிச்சேரியிலிருந்து திரும்பி வந்த அந்த நாளைப் பற்றி. விருத்தாசலத்தில் பஸ் மாறி உட்கார்ந்ததும் மாமி அம்மாவிடம் கேட்டார்.

"அந்தப் புள்ள பேரு என்ன?"

அம்மா சொன்னார். அந்தப் பெயரை அம்மா வாயிலிருந்து நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை.

"கபுருக் குழியும் இல்ல, தலமாட்டுல மீசான் கல்லும் இல்ல. நாமளாச்சும் ஓத வேணாமா?" என்றார் மாமி. உடனே, அந்தக் கூட்ட பஸ்ஸில், காலடியில் யாருடைய கோழியோ கூடைக்குள் கொக்கரித்துக்கொண்டிருக்க, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு இரண்டு கையையும் ஏந்தி, அந்தப் பெயரைச் சொல்லி பாத்திஹா ஓதினார். அம்மா ஆமீன் சொன்னார். நானும் சொன்னேன். அதற்குப் பிறகு மாமி அம்மாவைப் பற்றி யாரிடமும் ஒரு சொல் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. தெருவில் யாராவது சைகோன்காரி என்றால், என் தம்பி பொண்டாட்டிக்குப் பேர் இருக்கு என்பார்.

மாமி கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோது, தனக்குப் பிறகு வருஷா வருஷம் யார் யாருக்கு யாசீன் ஓத வேண்டும் என்று என்னை எழுதிக்கொள்ளச் சொன்னார். தன் தாய், தகப்பன், சின்ன வயதிலேயே இழந்த புருஷன் என்று வரிசையாக வரும் என்று நினைத்து நான் தாளோடு உட்கார்ந்தேன். கண்ணைத் திறக்காமலே மாமி முதலில் சொன்னது, தான் ஒருநாளும் பார்த்திராத அந்த நாலு வயதுப் பிள்ளையின் பெயரை.